துக்கத்துக்கு வாட்டர்ஃபால் மாடலா?

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த பதிவு. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

அப்பா தவறி பதினொன்னாம் நாள், ஹெச்.ஆர். சொன்னாங்களேன்னு கம்பெனி ஏற்பாடு பண்ணின கவுன்சிலருக்கு போன் போட்டேன். நல்ல குரல், மரியாதையான பேச்சு. பத்து நிமிஷம் கேட்டுட்டு, "நீங்க இன்னும் டினையல் ஸ்டேஜ்லதான் இருக்கீங்க. அடுத்து கோபம் வரும், அப்புறம் சரியாயிடும்"னார். கோபம் உடனே வந்துச்சு. அவர் மேல! அடுத்த கட்டத்துக்கு பாஸாயிட்டேன் போல.

எங்கே படிச்சீங்கன்னு கேட்டேன். ரெண்டு நாள் பயிற்சியாம். அதுல அஞ்சு கட்டம்னு ஒரு ஸ்லைடு. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு.

இந்த அஞ்சு கட்டத்தை எலிசபெத் கியூப்லர் ராஸ் எழுதினது 1969-ல. யாரைப் பார்த்து எழுதினாங்க? சாகப்போறோம்னு தெரிஞ்ச நோயாளிகள்கிட்ட பேசி எழுதினாங்க. அப்பாவைப் பறிகொடுத்த என்னை மாதிரி ஆளுங்களைப் பார்த்து இல்ல. பின்னாடி அதை துக்கத்துக்கும் நீட்டினாங்க, சரி. ஆனா எல்லாரும் வரிசையா ஏறியே ஆகணும்னு அவங்களே சொல்லல.

நம்ம ஃபீல்டுலயும் இதே கதைதான். வாட்டர்ஃபால் மாடலுக்கு மூலம்னு எல்லாரும் காட்டுற ராய்ஸோட கட்டுரை 1970-ல வந்தது. அந்தப் படத்தைப் போட்டுட்டு, இப்படியே செஞ்சா ஆபத்துன்னு அவரே எழுதினார். நம்மாளுங்க படத்தை மட்டும் எடுத்துக்கிட்டு முப்பது வருஷம் ப்ராஜெக்ட் ஓட்டினாங்க. சாஃப்ட்வேர்ல அந்தத் தப்பு செஞ்சா டெட்லைன் போகும். இங்க?

ஸ்ட்ரோப், ஷூட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999-லயே வேற மாதிரி சொல்லிட்டாங்க. துக்கம் படிக்கட்டு இல்ல, ஊஞ்சல். ஒரு நேரம் இழப்புப் பக்கம், ஒரு நேரம் வாழ்க்கைப் பக்கம். எங்கம்மா மத்தியானம் அப்பா சட்டையை மடியில வெச்சு அழுதுட்டு, சாயங்காலம் கேஸ் புக் பண்ணச் சொல்லி என்னைத் திட்டுவாங்க. இதுக்கு எந்த ஸ்டேஜ்?

உலக சுகாதார நிறுவனத்தோட ஐ.சி.டி.-11, 2022-லருந்து நடைமுறையில இருக்கு. துக்கத்தை ஒரு கோளாறுன்னு சொல்லணும்னா அதுவே குறைஞ்சது ஆறு மாசம் பொறுக்கச் சொல்லுது. எனக்கு பதினொன்னாம் நாளே லேபிள்!

அப்ப பயிற்சியே வேணாமான்னு கேக்காதீங்க. கண்டிப்பா வேணும். ஏன்னு சொல்றேன்.

ராத்திரி ரெண்டரை மணி. ஐ.சி.யூ. வாசல். டியூட்டி டாக்டர் நடந்துக்கிட்டே, "எக்ஸ்பயர் ஆயிட்டார், பில் செட்டில் பண்ணிட்டு பாடியை எடுத்துக்கலாம்"னார். அம்மாவுக்கு எக்ஸ்பயர்னா என்னன்னே புரியல. என் முகத்தைப் பார்த்தாங்க. எங்கப்பா செத்துட்டார்னு எங்கம்மாகிட்ட சொன்னது நான்தாங்க.

2000-ல வெளிவந்த ஸ்பைக்ஸ்னு ஒரு முறை இருக்கு. புற்றுநோய் டாக்டர்களுக்காக எழுதினது. தனியிடத்துல உட்கார வை, என்ன தெரியும்னு கேளு, எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு கேளு, எளிமையா சொல்லு, அழ இடம் கொடு, அடுத்து என்னன்னு சொல்லு. ஆறே படி. இதுவும் படிதானேன்னு மடக்குவீங்க. ஆமா, ஆனா இது பேசுறவருக்கான படி. அஞ்சு கட்டத்தை அழுறவன் தலையில கட்டுறாங்க. மொத்த வித்தியாசமும் அதுதான். பயிற்சி கொடுக்கறவங்க இது ஒண்ணைப் புரிஞ்சுக்கிட்டா போதும்.

எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்துல பேசக் கத்துக்கொடுக்கவே 2019-லருந்து தனியா நேரம் ஒதுக்கியிருக்காங்க. சந்தோஷம். ஆனா துக்கத்துக்குப் பக்கத்துல நிக்கிறது டாக்டர் மட்டுமா? நர்ஸ், வார்டு ஆயா, மார்ச்சுவரி ஊழியர், ஆம்புலன்ஸ் டிரைவர். அன்னிக்கு எங்கம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, கையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்தது ஒரு ஆயாம்மா. அந்த ராத்திரி அவங்க பார்த்த எத்தனாவது சாவோ? அவங்களை யார் உட்கார வெச்சுக் கேட்டாங்க? பயிற்சின்னா அதுவும் சேர்த்துத்தான்.

"நம்ம ஊர்ல ஒப்பாரி இருக்கு, கேதம் கேக்க ஊரே வரும், இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு"ன்னு ஒரு குரூப் வரும். உண்மைதான், எங்க பெரியம்மா வந்து அம்மாவைக் கட்டிக்கிட்டு அழுததுக்கு ஈடா எந்த கவுன்சிலிங்கும் இல்ல. ஆனா பெரியம்மா ஊர்லருந்து பஸ் பிடிச்சு வந்து சேர சாயங்காலம் ஆச்சு. ராத்திரி ரெண்டரை மணிக்கு அங்க இருந்தது யூனிஃபார்ம் போட்டவங்க மட்டும்தான்.

அந்த நேரத்துல எப்படி உட்காரணும், என்ன சொல்லணும், எப்ப வாயை மூடிக்கணும்னு கத்துக்கொடுங்க. அந்த அஞ்சு கட்ட ஸ்லைடை டெலீட் பண்ணுங்க. ரீசைக்கிள் பின்லருந்தும்.

பின்னூட்டத்துல கும்மியடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. உங்க வீட்டுச் சாவை உங்ககிட்ட யார், எப்படிச் சொன்னாங்க?