காதால தட்டாதீங்க மக்களே!

பொட்டி தட்டிப் பொழைக்கிற நம்ம கூட்டத்துல மெக்கானிக்கல் கீபோர்டுங்கிறது இப்போ ஒரு தனி மதம். நானும் அதுல தீட்சை வாங்கினவன்தான். அதனால 'கம்பெனி குடுத்த கீபோர்டே போதுமே' கட்சின்னு நினைச்சு யாரும் ஆட்டோ அனுப்பிடாதீங்க. என் சண்டை சாமியோட இல்லை, பூசாரிகளோட.

"எந்த ஸ்விட்ச் வாங்கலாம்?"னு எவனாவது கேட்டா உடனே ஒரு வீடியோ சுட்டி வந்து விழுது. மைக்கை கீபோர்டுக்குப் பக்கத்துல வெச்சு ரெண்டு நிமிஷம் தட்டுறாங்க. 'க்ளிக்', 'க்ளாக்', 'தொக்'. கேட்டவனும் சொக்கிப் போய் ஏழாயிரம் எட்டாயிரம்னு எடுத்து வைக்கிறான். ஐயா சாமிகளா, அவன் கேட்டது விரலுக்கு, நீங்க பதில் சொல்றது காதுக்கு! தோசை எப்படி இருக்கும்னு கேட்டவனுக்கு, கல்லுல மாவு ஊத்துற 'சொய்ங்' சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்புவீங்களா?

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஸ்விட்சோட சத்தம் வேற, தொடு உணர்வு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பி ஜல்லியடிக்கிறதுல நஷ்டப்படுறது வாங்குறவனோட காசும் விரலும், பக்கத்து சீட்டுக்காரனோட நிம்மதியும்.

முதல்ல உணர்வு. செர்ரி எம்எக்ஸ் மாதிரி ஒரு சாதாரண ஸ்விட்சுல பட்டன் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். பாதியில, சுமார் 2 மில்லிமீட்டர்ல, எழுத்து பதிவாயிடும். ரெட்டுல ஆரம்பத்துல இருந்து அடி வரைக்கும் ஸ்பிரிங் மட்டும்தான், வழியில தடையே கிடையாது. ப்ரௌன்ல வழியில ஒரு சின்ன மேடு. ப்ளூவுல மேடும் உண்டு, கூடவே 'க்ளிக்'கும் உண்டு. செர்ரி குடுக்கிற கணக்குப்படி ரெட் 45, ப்ரௌன் 55, ப்ளூ 60 சென்டிநியூட்டன். மேடு எங்க ஆரம்பிக்குது, எவ்வளவு உயரம், எழுத்து எங்க பதிவாகுது, மேல வரும்போது எங்க விடுபடுது - விரலுக்கு வேண்டிய விஷயம் இவ்வளவுதான். இதுல ஒண்ணாவது வீடியோவுல கேட்குமா?

சரி, வீடியோவுல கேட்குறது என்ன? பாதிக்கு மேல ஸ்விட்சே இல்லை. நாம எல்லாரும் கீயை அடி வரைக்கும் குத்துற ஆளுங்க. அப்படிக் குத்தும்போது பிளாஸ்டிக் பிளாஸ்டிக்ல மோதுது. அந்த அதிர்வு தகடு வழியா பெட்டி முழுக்கப் பரவுது. தகடு பித்தளையா பாலிகார்பனேட்டா, பெட்டி அலுமினியமா பிளாஸ்டிக்கா, உள்ள ஃபோம் அடைச்சிருக்கா, கீகேப் மெல்லிசான ஏபிஎஸ்ஸா தடிச்ச பிபிடியா, அடியில துணி விரிச்சிருக்கா, மைக் எவ்வளவு தூரத்துல இருக்கு - இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தத் 'தொக்'. ஸ்பேஸ் பாருக்கு அடியில இருக்கிற கம்பி ஆடுற சத்தமே தனிக் கச்சேரி. அதே ஸ்விட்சைக் கொண்டு போய் உங்க வீட்டு பிளாஸ்டிக் பெட்டியில மாட்டினா டப்பாவுல கல்லு போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கும். அப்புறம் 'எனக்கு டூப்ளிகேட் அனுப்பிட்டான்'னு புலம்ப வேண்டியதுதான்.

அடுத்து, ப்ளூ பக்தர்களோட பிரதான வாதத்துக்கு வருவோம். "க்ளிக் சத்தம் கேட்டாத்தான் எழுத்து விழுந்துச்சுன்னு தெரியும். டைப்ரைட்டர் மாதிரி!"

டைப்ரைட்டர் கதையை நம்ம ஊர்ல வந்து சொல்றீங்களே! தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டும் லோயர் ஹையர் சர்ட்டிபிகேட்டுமா வளர்ந்த ஊருய்யா இது. பழைய கை டைப்ரைட்டர்ல கீ எங்கேயும் 'க்ளிக்'னு சொல்லாது. விரல் குடுக்கிற வேகத்துலதான் எழுத்துக் கம்பி எகிறிப் போய் ரிப்பனையும் பேப்பரையும் உருளையில அறையும். 'டப்'புங்கிற சத்தம் அங்க வர்றது. மெல்லத் தட்டினா எழுத்து மங்கும். அதனாலதான் வாத்தியார் ஓங்கி அடிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர்ல ஓங்கி அடிச்சாலும் அதே எழுத்துதான், மெல்ல அடிச்சாலும் அதே எழுத்துதான். ப்ளூவுக்கும் டைப்ரைட்டருக்கும் இருக்கிற உறவு, அலைபேசி கேமராவுல போட்டோ எடுக்கும்போது வர்ற 'கச்சக்' சத்தத்துக்கும் நிஜ ஷட்டருக்கும் இருக்கிற உறவு மாதிரிதான்.

சத்தமும் உணர்வும் நிஜமாவே ஒண்ணா இருக்கிற கீபோர்டும் உண்டு, இல்லேன்னு சொல்லலை. ஐபிஎம் 1985-ல கொண்டு வந்த மாடல் எம். அதுல ஒவ்வொரு கீக்கு அடியிலயும் நிக்கிற ஸ்பிரிங், ஒரு கட்டத்துல தாங்காம பக்கவாட்டுல மடங்கும். அந்த மடங்கல்தான் விரலுக்குத் தெரியுற சரிவு, அதேதான் சத்தம், அதேதான் அடியில இருக்கிற சின்னச் சுத்தியலைச் சாய்ச்சு எழுத்தைப் பதிவு பண்றதும். ஒரே சம்பவம், மூணு பலன். மேல வரும்போது ஸ்பிரிங் நிமிர்றதும் விரலுக்குத் தெரியும். அங்க சத்தம் பொறியியல். வெறும் அலங்காரம் இல்லை.

ப்ளூவுல அப்படியா? உள்ள ஒரு வெள்ளைச் சட்டை மாதிரி தனித் துண்டு இருக்கு. அது டக்குன்னு கீழ விழுறதுதான் க்ளிக். கீழ போகும்போது சரி, சத்தமும் பதிவும் கிட்டத்தட்ட ஒண்ணா நடந்துடும். பிரச்சினை மேல வரும்போது. எழுத்து பதிவான இடத்துல அது விடுபடாது. அதுக்கும் மேல, கணிசமான தூரம் விரல் ஏறினாத்தான் அடுத்த தட்டுக்குத் தயாராகும். அந்த இடத்தைச் சொல்ல சத்தமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. 'தெரியப்படுத்துது'ன்னு சொன்ன க்ளிக், பாதிக் கதையைச் சொல்லிட்டு எழுந்து போயிடுது.

'இது கேம் ஆடுறவங்க கவலை, நமக்கென்ன'ன்னு சொல்லாதீங்க. தமிழ்ல தட்டுறவங்களுக்குத்தான் இது முதல் கவலை. தமிழ்99 விசைப்பலகையில ஒரே மெய்யை ரெண்டு தரம் தட்டினா முதல் எழுத்துக்குத் தானா புள்ளி விழும். க்க, ச்ச, த்த, ப்ப எல்லாம் அப்படித்தான். 'பக்கத்து', 'சத்தத்தை', 'தட்டச்சு' - ஒரு வரியில எத்தனை இரட்டைத் தட்டுன்னு எண்ணிப் பாருங்க. ஒலிபெயர்ப்பு முறையில அடிச்சாலும் இதே கதைதான். ஒரே கீயை வேகமா ரெண்டு தரம் தட்டும்போது, விரல் முழுசா மேல வர்றதுக்குள்ள அடுத்த தட்டு போனா, ரெண்டாவது எழுத்து காணாமப் போகும். சீக்கிரம் விடுபடுற ஸ்விட்ச் இதுக்குத் தேவை. ஆங்கிலத்துல மட்டும் சோதிச்சவங்க எழுதுற விமர்சனத்துல இந்தக் கணக்கு வராது. க்ளிக் கட்டாயம் வேணும்னு அடம் பிடிச்சா கைல் பாக்ஸ் ஜேட் மாதிரி கம்பி வெச்ச ஸ்விட்ச் இருக்கு. அது கீழ போகும்போதும் க்ளிக், மேல வரும்போதும் க்ளிக். பக்கத்து சீட்டுக்காரருக்கு மட்டும் டபுள் தண்டனை.

'அப்போ எந்தக் கலர் வாங்க?'ன்னு கேட்காதீங்க. கலர் ஒரு தரக்கட்டுப்பாடே கிடையாது. செர்ரியோட காப்புரிமை காலாவதியான பிறகு ஆளாளுக்கு இந்த டிசைன்ல இறங்கினாங்க. பெயிண்ட் டப்பாவும் ஆளாளுக்கு ஒண்ணு. செர்ரியில க்ளியர்னா மேடு வெச்ச கனமான ஸ்விட்ச். கேட்டரான்ல க்ளியர்னா மேடே இல்லாத லேசான ஸ்விட்ச். ஒரே பேரு, நேர் எதிர் குணம். கலரைப் பார்த்து வாங்குறது, பெயிண்டைப் பார்த்து பஸ் ஏறுற மாதிரி. போர்டைப் படிங்க சாமி.

அப்புறம் அந்தப் பக்கத்து சீட்டு விவகாரம். தடுப்பே இல்லாத ஆபீசுல வரிசையா உட்கார்ந்து ஆணி பிடுங்குறோம். ஒருத்தர் ப்ளூ கொண்டு வந்தா பத்து பேருக்குத் தலைவலி. சொன்னா "எனக்கு ஃபீல் முக்கியம் பாஸ்"னு பதில். உங்க ஃபீல் உங்க விரல் நுனியோட முடிஞ்சு போச்சு பாஸ். அதுக்கு மேல போறது சத்தம் மட்டும்தான். செர்ரி சைலன்ட் ரெட்ல அதே 45 சென்டிநியூட்டன், அதே லீனியர். தண்டுல ரப்பர் வெச்சு மோதலை அடக்கியிருக்காங்க, அவ்வளவுதான். அடியில கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், உண்மை. அது பிடிக்கலைன்னு விரல் சொன்னா ஒத்துக்கறேன். 'சத்தம் பத்தலை'ன்னு காது சொன்னா, வீட்டுக்குப் போய் மிருதங்கம் கத்துக்குங்க.

திட்டினது போதும், உருப்படியா ஒரு வழி. ஸ்விட்சைக் கழட்டி மாட்டுற கீபோர்டு ஒண்ணு பிடிங்க, இல்லே நண்பர்கிட்ட இரவல் வாங்குங்க. மூணு நாலு வகை ஸ்விட்ச் ஒரு கை அளவு வாங்கி, அதிகம் புழங்குற கீகள்ல மாட்டுங்க. காதுல ஹெட்போன் போட்டு இளையராஜாவை ஓட விடுங்க, சத்தம் கேட்கவே கூடாது. அரை மணி நேரம் உங்க நிஜ வேலையைத் தட்டுங்க: கோடு, மெயில், தமிழ்ல ரெண்டு பத்தி. கடையில ஒத்தை விரலால ஒரே ஸ்விட்சை மெதுவா அமுக்கிப் பார்க்குறது டைப்பிங் இல்லை; அது காலிங் பெல். அரை மணி கழிச்சு எந்த இடத்துல தப்பு விழுந்தது, எந்த விரல் சோர்ந்ததுன்னு பாருங்க. அதுதான் தீர்ப்பு.

அப்படித் தேர்ந்தெடுத்ததுக்கு அப்புறம் ஃபோம் அடைங்க, டேப் ஒட்டுங்க, பித்தளை போடுங்க, 'தொக்'கோ 'க்ளாக்'கோ உங்க இஷ்டம். முதல்ல விரல், பிறகு காது. வரிசை மாறினா செலவு டபுள்.

டிஸ்கி: ப்ளூ ரசிகர்களே, தனி அறையில கதவைச் சாத்திக்கிட்டு தட்டுறவங்க மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கதவு நல்லா சாத்தியிருக்கான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துக்குங்க :-)