தமிழ் சோறு போடுமா?

தமிழ் கற்றால் சோறு கிடைக்குமா எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். மொழிக்கும் பிழைப்புக்கும் உள்ள தொடர்பை நாம் பட்டறிந்தவர்கள். இலங்கையில் 1956 ஆம் ஆண்டு சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியானபின், தமிழ் அரச ஊழியர் பலர் சிங்களம் அறியாமையால் பதவியுயர்வை இழந்தனர். குறை தமிழில் இல்லை, சட்டத்தில் இருந்தது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பெரும்பான்மையோர் பிரெஞ்சு பேசியும் வணிகத்தில் ஆங்கிலமே ஓங்கியிருந்தது. 1977 ஆம் ஆண்டின் மொழிச் சாசனம் பிரெஞ்சு மொழியிலேயே பணியாற்றும் உரிமையைத் தொழிலாளர்க்கு அளித்தது.

ஆகவே, மொழி தானாகச் சோறு போடுவதில்லை. அதற்கு வேலை கொடுக்கும் சமூகமே போடுகின்றது. சட்டம் இயற்றும் வலிமை நமக்கில்லை. ஆயினும் நம் கடைகளின் பெயர்ப்பலகையும் பற்றுச்சீட்டும் நம் கையிலேயே உள்ளன. அவற்றில் தமிழ் எழுதுவோம். தமிழறிந்த இளையோர்க்குப் பணி வழங்குவோம். மாணவச் செல்வங்களே, தமிழைப் பிழையறக் கற்றிடுவீர்!