பெட்டி எங்கே பார்க்கிறது?

எமது விழாக்களில் எல்லாக் காரியங்களுக்கும் ஆள் இருக்கிறார். அழைப்பிதழில் யாருடைய பெயர் யாருடைய பெயருக்கு மேலே வரவேண்டும் என்று வாரக்கணக்கில் விவாதிக்க ஆள் இருக்கிறார். மங்கள விளக்கின் எந்தத் திரியை யார் ஏற்றுவது, பொன்னாடையை யார் போர்த்துவது, பிரதம விருந்தினரை வாசலில் யார் எதிர்கொள்வது என்பதற்கெல்லாம் ஆட்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஒரேயொரு பொறுப்பு மட்டும் எவரிடமும் ஒப்படைக்கப்படுவதில்லை. மேடையில் பேசப்படுவது கடைசி வரிசைக் கதிரையில் இருப்பவருக்குச் சொல் சொல்லாகக் கேட்கிறதா என்று அங்கே போய் இருந்து பார்க்கும் பொறுப்பு அது.

விளைவு எல்லோரும் அறிந்ததே. தலைமையுரை தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல், "கேக்கேல்லை!" என்கிறது. அமைப்பாளர் ஒருவர் கையை மேலே உயர்த்திச் சைகை காட்டுகிறார். ஒலி கூட்டப்படுகிறது. முன்வரிசைப் பிரமுகர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒலிவாங்கி ஊளையிடுகிறது. கை கீழே இறங்குகிறது; ஒலி குறைக்கப்படுகிறது. மறுபடியும் "கேக்கேல்லை!". இந்த இழுபறியிலேயே இரண்டரை மணித்தியாலம் கழிந்து, நன்றியுரையுடன் விழா இனிதே நிறைவுபெறுகிறது. அடுத்த ஆண்டு விழாவுக்கு என்ன செய்கிறோம்? இன்னும் பெரிய பெட்டிகளை வாடகைக்கு எடுக்கிறோம்!

குறை பெட்டியின் பருமனில் இல்லை. அது எங்கே இருக்கிறது, எந்த உயரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பவற்றில்தான் குறை இருக்கிறது. இவை மூன்றும் காசு கேட்காத காரியங்கள். ஆகவே பணப் பற்றாக்குறை என்ற சாட்டை நான் ஏற்பதற்கில்லை.

வழமையான ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். மேடையின் இரு ஓரங்களிலும் இரண்டு கறுப்புப் பெட்டிகள் நிலத்தில் நிற்கும். அல்லது பிளாஸ்ரிக் கதிரைகளின் மீது குந்தியிருக்கும். அவற்றின் முகம் முதல் வரிசையின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் வரிசை இரண்டு மீற்றர் தூரத்திலும் கடைசி வரிசை பதினாறு மீற்றர் தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒலி 6 டெசிபெல் குறையும். இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, எட்டுப் பதினாறாக மூன்று தடவை இரட்டிக்கிறது. ஆக 18 டெசிபெல் வித்தியாசம். முன்னாலிருப்பவருக்குக் கிடைக்கும் ஒலிச்செறிவில் 64இல் ஒரு பங்குதான் பின்னாலிருப்பவருக்கு நேரடியாகக் கிடைக்கிறது. மண்டபத்துக்குள் சுவர்களும் கூரையும் எதிரொலித்து இந்த இழப்பை ஓரளவு நிரப்பத்தான் செய்கின்றன. ஆனால் அப்படி நிரப்பப்படுவது சொல்லாக இராது, இரைச்சலாகவே இருக்கும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பேச்சில் உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளால் ஆனவை. அவை தடைகளைச் சுற்றி வளைந்து எங்கும் போய்ச் சேரும். மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவுபவை கூர்மையான ஒலிகள். எமது விஞ்ஞானப் பாடப்புத்தகங்கள் உயர் மீடிறன் என்று சொல்பவை. அவை ஏறத்தாழ ஒளிக்கதிர்போல நேர்கோட்டில் செல்பவை. முன்னே இருக்கும் மனித உடல்களும் சேலைகளும் சட்டைகளும் அவற்றை உறிஞ்சிவிடும். முதல் மூன்று வரிசைகளைத் தாண்டுவதற்குள் அவற்றின் கதை முடிந்துவிடுகிறது. பின்வரிசைக்காரர் "சத்தம் வருது, என்ன சொல்லுகினம் எண்டுதான் விளங்கேல்லை" என்று சொல்வது இதனால்தான். அவரிடம் உயிர் போய்ச் சேர்ந்துவிட்டது. மெய் வழியிலேயே நின்றுவிட்டது. எவ்வளவுதான் ஒலியைக் கூட்டினாலும் அந்த மெய் திரும்பி வராது.

என்ன செய்யவேண்டும்? பெட்டியை உயர்த்தவேண்டும். உயர்த்தியபின் கீழ்நோக்கிச் சற்றுச் சாய்க்கவேண்டும். கதிரையில் அமர்ந்திருப்பவரின் காது நிலத்திலிருந்து ஏறக்குறைய 1.2 மீற்றர் உயரத்தில் இருக்கும். பெட்டியின் நடுப்பகுதி 3.2 மீற்றர் உயரத்தில் இருந்தால் இரண்டுக்கும் இடையே இரண்டு மீற்றர். பன்னிரண்டு மீற்றர் தூரத்தில் இருக்கும் காதுகளைப் பெட்டி நேராகப் பார்ப்பதற்கு வேண்டிய சாய்வு பத்துப் பாகைக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவுதான்! அந்தப் பத்துப் பாகையைக் கொடுக்காவிட்டால் பெட்டி எல்லோருடைய தலைக்கும் மேலாகப் பின்சுவரைப் பார்த்துப் பேசும். சுவர் அதைத் திருப்பி அனுப்பும். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வது. பதினேழு மீற்றர் அதிகமாகச் சுற்றிவரும் எதிரொலி, நேரொலிக்கு ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கு பிந்தி வந்து அடுத்த அசையின் மீது ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

சரியாக உயர்த்திச் சாய்த்த பெட்டியால் முன்வரிசைக்கும் நன்மை உண்டு. பெட்டிக்கும் அவர்களுக்குமான தூரம் கூடுகிறது. அவர்கள் பெட்டியின் நேர்பார்வைக்குக் கீழே வந்துவிடுகிறார்கள். முன்னே காது கிழிவதும் பின்னே காது தேடுவதும் ஒருங்கே குறைகின்றன. பெட்டிகளைச் சற்று உட்புறமாகத் திருப்பிவிட்டால் பக்கச் சுவர்களில் பட்டுத் தெறிப்பதும் குறையும். ஒலிவாங்கிகளுக்கு முன்னால், சபையின் பக்கமாக அவை நிற்கவேண்டும். பின்னால் நின்றால் ஊளை நிச்சயம்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கடைசிக்கு முந்திய சில வரிசைகளில் போய் இருந்து பாருங்கள். பெட்டியின் மேற்பகுதியில் இருக்கும் கூம்பின் வாய் உங்கள் கண்ணுக்கு நேரே முழுமையாகத் தெரிகிறதா? தெரிந்தால் கேட்கும். முன்னாலிருப்பவரின் தலையோ தூணோ பதாகையோ மறைத்தால் கேட்காது. பத்துக் கதிரைகளில் மாறிமாறி இருந்து பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

அந்தக் காலத்துக் குழாய் ஒலிபெருக்கிகளை இன்று நாம் ஏளனமாகப் பேசுகிறோம். அவற்றின் நாதம் கரகரப்பானதுதான். ஆனால் அவற்றில் ஒரு நேர்மை இருந்தது. வாய் எங்கே இருக்கிறது என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்தது. ஆகவே அதைப் பனையிலோ தென்னையிலோ கட்டியவர், கீழே நின்றவர்களிடம் "எந்தப் பக்கம் திருப்ப?" என்று கேட்டார். சதுரப் பெட்டி வந்தபின் அந்தக் கேள்வி காணாமற்போயிற்று. பெட்டி தன் வாயைக் கம்பி வலைக்குள் மறைத்துக்கொண்டிருக்கிறது. அது ஒரு தளபாடம்போலத் தோன்றுகிறது. நாமும் தளபாடத்தைப்போல அதை மூலையில் ஒதுக்கி வைக்கிறோம். சில இடங்களில் அதன்மீது பூச்சாடியும் வைக்கிறோம்!

இன்னும் மோசமானது, பெட்டியைப் படுக்கப்போடுவது. பல பெட்டிகளின் கூம்பு, நிமிர்ந்து நிற்கும்போது அகலத்தில் 90 பாகையும் உயரத்தில் 60 பாகையோ அதிலும் குறைவாகவோ ஒலியை விரிக்கும்படி செய்யப்பட்டது. படுக்கவைத்தால் அது தலைகீழாகிறது. சபை முழுவதும் பரவவேண்டிய ஒலி கூரைக்கும் தரைக்குமாகப் பரவுகிறது. கூரை தகரமாகவோ அஸ்பெஸ்ரஸாகவோ இருந்துவிட்டால் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. நீண்ட நிரல் ஒலிபெருக்கிகளுக்கும் இதே கதிதான். நிமிர்த்தினால் பக்கவாட்டில் அகலமாய் விரிபவை அவை. அழகுக்காக மேடையின் விளிம்பில் கிடத்தப்படுகின்றன.

கேட்காத மண்டபத்துக்குச் சிலர் செய்யும் வைத்தியம், பின்னால் இன்னும் இரண்டு பெட்டிகளை வைப்பது. நல்ல எண்ணந்தான். ஆனால் மின்சாரம் கம்பி வழியே உடனே போய்ச் சேர்கிறது. முன்பெட்டியின் ஒலி காற்று வழியே நடந்து வருகிறது. பின்பெட்டிக்குரிய தாமதத்தைக் கலவைக் கருவியில் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்கும். நோய்க்கு மருந்தாக வந்தது புதிய நோயாகிறது.

மேடையில் இருப்பவர்களின் நிலையையும் பார்க்கவேண்டும். கலைஞர்கள் தம் குரலைத் தாமே கேட்பதற்கென்று ஆப்புப் போலச் சரிவாகச் செய்யப்பட்ட சிறு பெட்டிகள் உள்ளன. காலடியில் இருந்து அண்ணாந்து கலைஞரின் காதைப் பார்ப்பதே அவற்றின் வேலை. ஒலிவாங்கியின் முதுகுப்புறம், அதாவது அதற்குக் காது கேளாத திசையில் அவை இருக்கவேண்டும். எமது மேடைகளிலோ அந்தச் சாய்வுப் பெட்டியே சபைக்காக வைக்கப்பட்டு, முகட்டைப் பார்த்துப் பிரசங்கம் செய்கிறது. பாடுபவருக்கு எதுவும் இல்லை.

கூத்துக்கு நேர்ந்த இடரைச் சொல்லாமல் விடமுடியாது. மட்டக்களப்பின் வட்டக்களரியில் கூத்தரைச் சுற்றிச் சனம் இருந்தது. 1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்றவற்றைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது சபை ஒருபக்கமாக வந்தது. கூத்து புதிய சபையைப் பெற்றது; மகிழ்ச்சியே. ஆனால் இன்று அந்த மேடையில் நடப்பதென்ன? ஆட்டத்தின் நடுவே கூத்தன் ஒலிவாங்கியைத் தேடி ஓடிவந்து நின்று பாடுகிறான். அண்ணாவியாரின் மத்தளம் அவனுக்குக் கேட்பதில்லை. அவனுடைய பாட்டு பிற்பாட்டுக்காரருக்குக் கேட்பதில்லை. தாளம் வழுக்குகிறது. மறுநாள் விமர்சகர்கள் "பயிற்சி போதாது" என்று எழுதுகிறார்கள். பயிற்சி ஆறு மாதம் நடந்தது. பெட்டிகளை வைப்பதற்கு ஆறு நிமிடங்கூட ஒதுக்கப்படவில்லை.

மறுப்புகளை நான் அறிவேன். "பெட்டியை உயர்த்தினால் புகைப்படத்தில் விழும்" என்பார்கள். விழட்டும். "சவுண்ட்காரருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" என்பார்கள். அவருக்குத் தெரியும். ஆனால் விழா தொடங்கும் நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னர்தான் மண்டபக் கதவு அவருக்குத் திறக்கப்படுகிறது. உயரமான தாங்கிகளை அவர் இறக்கினால் "மேடையை மறைக்குது, ஓரமாய் வையும்" என்று அதட்டப்படுகிறார். கூலியில் பேரம் பேசப்படுகிறது. பிறகு ஒலிவாங்கி ஊளையிட்டதும் சபை முழுவதும் திரும்பி அந்தப் பொடியனைத்தான் முறைக்கிறது. இது அநீதி. முறைக்கப்படவேண்டியவர்கள் மேடையில் மாலையோடு இருக்கிறார்கள்.

ஆபத்தும் உண்டு. உயர்த்தச் சொன்னதும் கதிரைமேல் கதிரை அடுக்கி, அதன்மேல் செங்கல் வைத்து, இருபது கிலோ பெட்டியை ஏற்றிவிடுவதும் எம்மிடையே நடக்கிறது. அதன் கீழே பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். உயர்த்துவதென்றால் கால்களை அகல விரித்த முக்காலித் தாங்கி வேண்டும். காலடியில் மணல்மூட்டை வேண்டும். கம்பிகள் தடக்காதபடி ஒட்டப்படவேண்டும். சாய்ப்பதென்றால் அதற்கென உள்ள சாய்வுப் பொருத்தி வேண்டும். தாங்கி இல்லையேல் உறுதியான மேசைமீது மரமேடை அமைத்து, மரத்தாலான ஆப்பைப் பெட்டியின் பின்புறத்தில் செருகிக் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். பெருந்திடல்களில் மேலிருந்து வாழைக்காய்ச் சீப்புப்போல் வளைந்து தொங்கும் பெட்டி வரிசைகளைப் பார்த்திருப்பீர்கள். மேற்பெட்டிகள் தூரத்தையும் கீழ்ப்பெட்டிகள் கிட்டத்தையும் பார்ப்பதற்கான வளைவு அது. அத்தனை பெருஞ்செலவிலும் அடிப்படை ஒன்றுதான். இருப்பவரின் காதைப் பெட்டி பார்க்கவேண்டும்.

அயலவரின் காதை அது பார்க்கக்கூடாது என்பதும் இதில் அடங்கும். 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம், வெலிகமையிலிருந்து வந்த ஒரு வழக்கில், இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது என்றும், ஒலி உரிய வளாகத்தைத் தாண்டிப் பரவலாகாது என்றும் வழிகாட்டியது. அதன்பின் எம்மவர் விவாதித்ததெல்லாம் அளவைப் பற்றியே. திசையைப் பற்றி எவரும் பேசவில்லை. கீழ்நோக்கிச் சாய்ந்த பெட்டி தன் சபைக்குப் பேசுகிறது. நிமிர்ந்து வானத்தைப் பார்க்கும் பெட்டி, பரீட்சைக்குப் படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளைக்கும் நோயாளிக்கும் பேசுகிறது.

இவ்வளவு எழுதுவது ஒரு பெட்டிக்காகவா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஒன்றை எண்ணிப் பாருங்கள். எமது சமூகத்தின் நினைவுகளில் பெரும்பகுதி இன்னும் எழுத்துக்கு வரவில்லை. எண்பது வயதைத் தாண்டிய எழுத்தாளரும் அண்ணாவியாரும் ஆசிரியரும் அதைச் சுமந்துகொண்டு மேடைக்கு வருகிறார்கள். அவர்கள் குரல் மெல்லியது. ஒலிவாங்கியைக் கிட்ட வைத்துப் பேசவும் பழக்கமில்லாதவர்கள். அப்படியொரு மூத்த படைப்பாளியின் ஏற்புரையைச் செய்தியாக்கச் சென்றிருந்தேன். பத்திரிகையாளருக்கென மேடையோரத்தில், பெட்டியின் முதுகுக்குப் பின்னால் மேசை போட்டிருந்தார்கள். நாற்பது நிமிடம் அவர் பேசினார். எங்களுக்கு வந்தது முழக்கம் மட்டுமே. பின்வரிசையில் இருந்தவர்களைக் கேட்டேன். அவர்களும் கையை விரித்தார்கள். சில மாதங்களில் அவர் காலமானார். பொன்னாடையின் படம் மட்டும் இருக்கிறது.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் விழா எடுப்போரே, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாடசாலை மண்டபங்களை வாடகைக்கு எடுத்து ஆண்டுவிழா நடத்துவோரே, அடுத்த விழாவின் நிகழ்ச்சி நிரலில் மங்கள விளக்கேற்றலுக்கு முன் ஒரு வரியைச் சேருங்கள். ஒருவர் மேடையில் நின்று பத்திரிகையின் ஒரு பந்தியை வாசிக்கட்டும். இன்னொருவர் கடைசி வரிசையில் இருந்து கேட்டதை எழுதட்டும். இரண்டும் ஒத்துப்போகும்வரை பெட்டிகளை உயர்த்துங்கள், திருப்புங்கள், சாயுங்கள். அதன்பிறகு விருந்தினரை உள்ளே அழையுங்கள்.