பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன்

இளமையில் தோன்றும் ஆசைகளுள் ஊர்தியின் மீதுள்ள ஆசை வலிமை மிக்கது. விடுமுறை நாளின் காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் சிறிது நேரம் நின்றால், கூரை திறந்த பழைய கார் ஒன்று மாமல்லபுரம் நோக்கிச் செல்வதையும், நிற்போர் யாவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதையும் காணலாம். அந்தப் பார்வையே பலரை மயக்கிவிடுகிறது. “புதிய கார் விலையில் ஒரு பங்குக்கே கிடைக்கிறதாம், வாங்கலாமா?” என்று வீட்டில் பிள்ளை கேட்டால் பெற்றோர் என்ன சொல்வது? இம்மாதம் அதைச் சற்று ஆராய்வோம். ஆசையைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆசைப்பட்ட பொருளைக் கண் திறந்து வாங்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

இத்தகைய கார்களுக்கும் செங்கல்பட்டுச் சீமைக்கும் நெடுநாளைய உறவு உண்டு. வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் காரை வெளியிட்டது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு அது. அதன் உருவை அமைத்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கெலோட்டி. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே 1962-இல் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். அந்நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் நாட்டுக்கு மிகச் சிலவே வந்தன. ஆகையால் ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரில் நம் பக்கம் விற்பனைக்கு வருபவற்றுள், ஹெரால்டு போன்ற சாதாரணக் கார்களின் கூரையை வெட்டி மாற்றியவையும் உண்டு. பெயரில் மயங்காமல் பொருளைப் பார்க்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது துரு. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கண்டவர்கள் அறிவார்கள்: பல்லவர் காலத்துக் கருங்கல்லையே உப்புக் காற்று அரித்து, சிற்பங்களின் முகங்களை மழுங்கச் செய்திருக்கிறது. கல்லுக்கே அக்கதியானால் மெல்லிய இரும்புத் தகடு எம்மாத்திரம்! ஹெரால்டில் அடிச்சட்டம் தனி, உடற்பகுதி தனி. உடலின் தகடுகள் போல்டுகளால் பூட்டப்பட்டவை. கெட்டதைக் கழற்றி மாற்றலாம். ஆனால் அடிச்சட்டம் அரித்துப் போனால் காரின் முதுகெலும்பே முறிந்தது போலாகும். எனவே பளபளக்கும் வண்ணத்தைக் கண்டு மகிழ்வதற்கு முன், வண்டியை உயரே தூக்கி நிறுத்தி, நன்கு தாங்கு கொடுத்து, விளக்குப் பிடித்து அடியில் பார்க்க வேண்டும். சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், பின்பெட்டியின் தரை, பாட்டரி இருக்கும் தட்டு ஆகியவை எளிதில் கெடும் இடங்கள். சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றித் தகட்டின் மீது நகர்த்துங்கள். அது ஒட்டாத இடத்தில் இரும்பு போய், பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அறியலாம்.

அடுத்தது பத்திரங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்திருக்கின்றனவா என்று நேரில் ஒப்பிட வேண்டும். சொந்தக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அது விடாமல் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கடன் பாக்கி, வரி பாக்கி உண்டா என்றும் விசாரியுங்கள். உருவம் மாற்றப்பட்ட காராயின் மேலும் எச்சரிக்கை தேவை. தயாரித்த நிறுவனம் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. கூரை வெட்டிய காரை வாங்கினால் அச்சிக்கல் வாங்கியவர் தலையில் விழும்.

ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கென மத்திய அரசு 2021-இல் தனி விதிகள் செய்தது. முதல் உருவம் மாறாமல் பேணப்பட்ட வண்டிகளுக்கே அது பொருந்தும். புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய் என்றும், பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும் என்றும் அவ்விதிகள் வகுத்தன. ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல், எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். அன்றாடம் அலுவலகம் செல்லவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் உதவாது. காரை எதற்காக வாங்குகிறோம் என்பதை முன்கூட்டியே தெளிந்துகொள்ள வேண்டியதன் காரணம் இதுவே.

விற்பவருக்கும் ஒரு சொல். பணம் கை மாறியதும் கடமை முடிந்ததென எண்ண வேண்டாம். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ, விபத்து நேர்ந்தால் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பெயர் மாற்றம் முடியும் வரை இருவருக்கும் நிம்மதியில்லை.

பிறகு என்ஜின். இக்கார்கள் ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தில் பிறந்தவை. 2000-ஆம் ஆண்டோடு ஈயம் நீங்கியது, நாட்டுக்கு நன்மைதான். ஆயினும் பழைய என்ஜின்களின் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்ததும் அந்த ஈயமே. அங்கே உறுதியான வளையங்கள் பொருத்தப்பட்டனவா என்று மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். இந்நாளில் பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால் சேர்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களை அது இளக்கும், ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். குழாய் கசிந்தால் சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் மேலானது உயிர்ப் பாதுகாப்பு. ஹெரால்டின் முன்சக்கரத்தின் கீழ், டிரன்னியன் எனப்படும் பித்தளைத் திருகு மூட்டு ஒன்று உண்டு. அதற்குக் கிரீசன்று, கெட்டியான எண்ணெயே இட வேண்டும். எண்ணெயின்றி வறண்டு, தண்டு அரித்துப் போனால் ஓடும்போதே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பின்சக்கரங்களின் அமைப்போ, வேகமாக வளைவில் திரும்பும் வேளையில் சக்கரம் உள்நோக்கிச் சாயும் இயல்புடையது. சீட் பெல்ட் கட்டாயமாகாத காலத்து வண்டி. மோதலில் காக்கும் காற்றுப்பையும் இல்லை. பேருந்துகளும் லாரிகளும் விரையும் இன்றைய சாலையில் இதை ஓட்டுபவர் நிதானமே தமக்குக் காவல் என்று அறிந்திருக்க வேண்டும்.

இறுதியாக, செலவு. கேட்கும் விலை முதல் தவணை மட்டுமே. கிடைப்பதற்கரிய உதிரிப் பாகம், தெரிந்த மெக்கானிக், காப்பீடு, உப்புக் காற்றுப் படாத கொட்டகை ஆகியவை ஆண்டுதோறும் வரும் தவணைகள். இவற்றைக் காகிதத்தில் எழுதி, கணவனும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் சேர்ந்திருந்து பார்க்கட்டும். மகளின் கல்லூரிக் கட்டணத்தையோ, முதியோரின் மருந்துச் செலவையோ தொட்டால்தான் கார் ஓடும் என்ற நிலை வருமாயின், அக்கார் நமக்குரியதன்று.

அவ்வாறின்றி, கையில் மிச்சமும் பொறுமையும் இருந்து, தந்தையும் மகனும் சேர்ந்து அழுக்குக் கையோடு உழைக்க மனமும் இருந்தால் தாராளமாக வாங்கட்டும். தொழிற்சாலை மூடிப் பல்லாண்டுகள் சென்ற பின்னும், நம் மாவட்டத் தொழிலாளர் கைவண்ணம் சாலையில் ஓடுவதைக் காண்பது நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பேரம் பேசு முன்னர் ஒருமுறை தரையில் படுத்து அடிச்சட்டத்தைப் பாருங்கள். வண்ணத்தை எந்நாளும் புதிதாகப் பூசிக்கொள்ளலாம்.