மஞ்சள் இறங்கினால் அழற்சியும் இறங்குமா?

கண் மஞ்சளாகிறது, சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி போகிறது, உடம்பெல்லாம் அரிப்பு. நம்மூரில் முதல் வைத்தியம் கீழாநெல்லி. கணையத் தலையில் வளர்ந்த கட்டி பித்தநாளத்தை நெரிக்கும்போது எதை அரைத்துக் குடித்தாலும் அடைப்பு திறக்காது; வாரங்கள்தான் வீண். சரி, இதை எல்லோரும் சொல்லியாயிற்று. இங்கே சண்டை படித்தவர்களோடு.

"முதலில் ஸ்டென்ட் வைத்து பிலிருபினை இறக்குவோம், அப்புறம் ஆபரேஷன்." பித்தத்தை முதலில் வடிப்பது என்பது, விப்பிள் 1935-இல் இரண்டு கட்டமாக அறுவை செய்த காலத்து யோசனை. காரணமும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பித்தம் குடலுக்கு வராவிட்டால், அங்குள்ள கிருமிகளின் நச்சைக் கட்டிப்போட ஆளில்லை. குடல் சுவரும் தளர்கிறது. நச்சு கல்லீரலுக்குப் போகிறது. அங்கே காவல் நிற்கும் குஃப்பர் செல்கள் பித்தத் தேக்கத்தில் ஏற்கெனவே சோர்ந்து கிடக்கின்றன. விளைவு, உடம்பு முழுக்க அழற்சி. அடைப்பை நீக்கினால் எல்லாம் அடங்கவேண்டும். ஆய்வுக்கூட விலங்குகளில் அடங்கியது!

மனிதர்களில்? நெதர்லாந்தில் கணையத் தலைப் புற்றுநோயாளிகள் 202 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு வாரத்துக்குள் நேரடி அறுவை. மற்றதற்கு 4 முதல் 6 வாரம் பித்தம் வடித்துவிட்டு அறுவை. 2010-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் முடிவு வந்தது: கடும் சிக்கல்கள் நேரடி அறுவையில் 39 சதவீதம், வடித்தவர்களில் 74 சதவீதம். பித்தநாள அழற்சி மட்டும் 2-க்கு 26.

அழற்சியைக் குறைக்க வைத்த குழாயே அழற்சியைக் கொண்டுவந்தது. எப்படி? கட்டி அடைத்த நாளத்தில் பித்தம் பெரும்பாலும் கிருமியில்லாமல்தான் தேங்கியிருக்கும். குடலிலிருந்து ஒரு குழாயை மேலே செருகினால் கிருமிக்குப் பாதை போட்டுக் கொடுத்தாயிற்று. பிளாஸ்டிக் ஸ்டென்டில் படலம் படிந்து, அடைத்து, மறுபடி காய்ச்சல். (ரிப்போர்ட்டில் பிலிருபின் மட்டும் அழகாக இறங்கியிருக்கும்.)

ஸ்டென்டே கூடாது என்றில்லை. குளிர்காய்ச்சலோடு நாளம் சீழ் பிடித்தவருக்கு உடனே வடிக்கவேண்டும், அது உயிர்காக்கும் வேலை. அறுவைக்கு முன் கீமோதெரபி போகிறவருக்கும் வேண்டும். பிலிருபின் 14.6 மில்லிகிராமுக்கு மேல் போனவர்கள் அந்த ஆய்விலேயே சேர்க்கப்படவில்லை. வைத்தே ஆகவேண்டும் என்றால் உலோக ஸ்டென்ட் சீக்கிரம் அடைக்காது, விலைதான் அதிகம்.

சண்டை மற்றவர்களுக்காக. தியேட்டரில் தேதி கிடைக்கவில்லை என்பதற்காக ஸ்டென்ட் வைத்து அனுப்பிவிட்டு, அதற்கு "உடம்பைத் தயார்படுத்துகிறோம்" என்று பெயர் வைப்பது என்ன நியாயம்? ரத்தம் உறையாததற்கு வைட்டமின் கே ஊசி போடவும், நீர்ச்சத்தையும் சாப்பாட்டையும் சரிசெய்யவும் ஆறு வாரம் தேவையில்லை. தேதி இல்லையென்றால், தேதி இல்லை என்றே நோயாளியிடம் சொல்லலாமே.