அட்டையில் அவள், ஆர்டர் புத்தகத்தில் அவன்

எங்கள் ஊரில் தொழில் தொடங்குவதைப் பற்றி யார் மேடையேறினாலும் 1922-இல்தான் ஆரம்பிப்பார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை. நல்ல கதைதான். மகளிர் தினக் கூட்டத்திலும் அதையே சொல்லி, "நீங்களும் துணிந்து இறங்க வேண்டும்" என்று முடிப்பார்கள். 1922-இல் சிவகாசியிலிருந்து ஒரு பெண் தனியாகக் கல்கத்தாவுக்குக் கிளம்பியிருந்தால் ஊர் அவளுக்கு என்ன பெயர் வைத்திருக்கும் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. துணிச்சல் இல்லாததால்தான் பெண்கள் முதலாளி ஆகவில்லை என்று நம்புவது எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

நான் சிவகாசியில் சிறிய விளம்பர நிறுவனம் நடத்துகிறேன். காலண்டர் ஆர்டர், பட்டாசு லேபிள், கடை நோட்டீஸ், இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள். இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. ஆடிப்பெருக்கன்று அச்சகங்கள் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடும். அதை வாங்கி, கடை கடையாக ஏறி இறங்கி, ஆர்டரும் அட்வான்சும் பிடித்து, கடைக்காரர் பெயரைப் படத்துக்குக் கீழே அச்சடித்து, புதுவருஷத்துக்கு முன்பே கொடுத்துவிட்டால் இடையில் நிற்பது நம் கமிஷன். எழுதும்போது எவ்வளவு எளிது!

அச்சகத்தின் பைண்டிங் பகுதிக்குள் போய்ப் பாருங்கள். தாள் எண்ணுவது, மடிப்பது, ஒட்டுவது பெரும்பாலும் பெண்கள். பட்டாசு ஆலையில் திரி வைப்பது, சரம் பின்னுவது பெண்கள். காலண்டரில் தாமரை மேல் உட்கார்ந்திருப்பவள் பெண். லட்சுமி வெடியைச் சுற்றி ஒட்டப்பட்டிருப்பவளும் பெண்தான். சுக்கல் சுக்கலாகக் கிழிந்து மறுநாள் காலை தெருவில் கிடப்பாள். அவளைக் கூட்டி அள்ளுவதும் ஒரு பெண். ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற ஏஜென்ட் மட்டும் ஆண். கூலி இருக்கும் இடத்தில் நாம், கமிஷன் இருக்கும் இடத்தில் அவர்கள். இதைத் தற்செயல் என்று சொல்ல என்னால் முடியாது.

ஏஜென்ட் வேலைக்குப் பேச்சுத் திறமை வேண்டும் என்பார்கள். கீரைக்கட்டுக்குப் பேரம் பேசி ஜெயிக்கிற எந்தப் பெண்ணுக்கும் அது உண்டு. வேண்டியது வேறு. கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாலும் கேள்வி கேட்காத வீடு. வெளியூர் லாட்ஜில் தனியாக வந்தவளை ஏற இறங்கப் பார்க்காமல் சாவி கொடுக்கிற ஆள். எல்லாவற்றுக்கும் மேல், வசூல். இங்கே வியாபாரமே கடனில்தான் ஓடுகிறது. "தீபாவளி முடியட்டும்மா" என்பதுதான் எங்கள் நாட்காட்டி. ஒரு முதலாளியின் ஆபீசில் மூன்றாவது முறையாகப் பில்லுக்கு நின்றபோது, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா? அவரை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றார். வேலை செய்தது நான், பில் என் பெயரில். பணத்துக்கு மட்டும் மீசை வேண்டும்.

பிறகு, படம். "பொம்பள படம் கொஞ்சம் கவர்ச்சியா இருக்கட்டும்" என்று லேபிளுக்குக் கேட்பவர்கள் உண்டு. பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம், விளம்பரம் என்ற சொல்லுக்குள் லேபிளையும் மேலுறையையும் சேர்த்தே சொல்கிறது. இதைச் சொன்னால் சிரித்துவிட்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

தோழிகள் கேட்பது அதைவிடக் கடினமானது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சன்குளம். இத்தனை உயிர் போன தொழிலுக்கு விளம்பரம் செய்யலாமா? நியாயமான கேள்வி. ஆனால் தலைமுறை தலைமுறையாக லேபிள் அடித்த ஆண்களிடம் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. களங்கமில்லாத தொழிலில் மட்டுமே பெண் கால் வைக்க வேண்டும் என்பதும் அந்தப் பழைய கற்புக் கணக்குதான். ஆலைக்குள் உயிரைப் பணயம் வைக்க அனுமதி உண்டு, வெளியே நின்று கமிஷன் வாங்கக் கூடாது என்றால் யாருக்கு லாபம்?

2015-இல் முத்ரா வந்தது. கடன் பெண் பெயரில், கணக்கு ஆண் கையில் என்று நடக்கும் கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தன்னம்பிக்கைப் பயிற்சிகளுக்கும் குறைவில்லை. சமோசா, டீ, சான்றிதழ். எங்களுக்கு வேண்டியது ஆர்டர். கூடவே, சொன்ன தேதியில் பணம்.

அதற்குச் சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். 2018-இல் செய்த திருத்தத்தின்படி அதற்குள் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு 3 சதவீதம். இவர்களும் வருஷாவருஷம் காலண்டர், டைரி, நோட்டீஸ் அடிக்கிறார்கள். அந்த 3 சதவீதத்தில் அச்சு வேலை எவ்வளவு, யாருக்குப் போனது, அந்த நிறுவனத்தை உண்மையில் நடத்துவது யார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். நான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். நீங்களும் உங்கள் ஊரிலிருந்து ஆளுக்கொரு மனு போடுங்கள். ஆடிப்பெருக்குக்கு முன்னால் போட்டால் இந்த வருஷ ஆர்டருக்கே உதவும்.