கார் டெண்ட் வாங்குறதுக்கு முன்னாடி…

ஆன்லைன்ல இப்போ ஒரு சாமான் நல்லா ஓடுது. கார் நிறுத்துற கூடாரம். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே தார்ப்பாய் மாதிரி ஷீட், நாலு பக்கமும் மறைப்பு, முன்னாடி ஜிப். ரெண்டு பேர் சேர்ந்தா மாட்டிடலாம், வேண்டாம்னா மடிச்சு வச்சுடலாம்னு விளம்பரம். பாவூர்சத்திரம் பக்கமே சில வீட்டு வாசல்கள்ல பார்க்கிறேன். ஓ.பி.யில ஒருத்தர் சுகர் மாத்திரையை வாங்கிக்கிட்டே, "சார், நீங்க கார் வச்சிருக்கீங்களே, அந்த டெண்ட் வாங்கலாமா?"ன்னு கேட்டார். டாக்டர்கிட்ட கேட்கிற கேள்வியா இதுன்னு நினைக்காதீங்க. கேட்க வேண்டிய கேள்விதான். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையாப் படிங்க.

என் கருத்தை முதல்லேயே சொல்லிடுறேன். காருக்கு நிழல் போடுங்க. நாலு பக்கமும் மூடின கூடாரம் மட்டும் நம்ம ஊருக்கு வேண்டாம்.

காரைப் பொத்திப் பொத்தி வைக்கிறவங்களை நான் கிண்டல் பண்ண வரல. இங்கே நிறைய வீடுகள்ல கார்ங்கிறது இன்னும் தவணை முடியாத பொருள். ராத்திரி பிரசவ வலி வந்தாலும், அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்கு ஓடணும்னாலும் அதே வண்டிதான். சித்திரை வெயில்ல பெயின்ட் வெளுக்கும், டேஷ்போர்டு வெடிக்கும், ஐப்பசி மழையில அடிப்பாகம் துருப்பிடிக்கும். ஆசை நியாயமானதுதான்.

முதல் பிரச்சனை காத்து. சுரண்டை, ஊத்துமலை, ஆலங்குளம்னு சுத்திலும் காற்றாலை நிக்குதே, சும்மாவா? ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா தென்மேற்குக் காத்து நெருக்கிக்கிட்டு வந்து நம்ம சமவெளியில விரியுது. குற்றாலத்துக்குச் சாரல், நமக்குக் காத்து. இதுல ஒரு சின்னக் கணக்கு. கூடாரத்தோட பக்கச் சுவர் இருபது அடி நீளம், ஏழு அடி உயரம்னு வச்சுக்கோங்க. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காத்து அதுல நேரா மோதினா, சுமார் 200 கிலோ எடை பக்கவாட்டுல தள்ளுற மாதிரி. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா, விசை நாலு மடங்கு ஆகும். ரெண்டு பேர் தூக்கி மாட்டுற சட்டத்தை ஒரு சாண் ஆணி எவ்வளவு நேரம் பிடிச்சு வைக்கும்? பிடுங்கிட்டுப் பறந்தா அது பட்டம் இல்ல, இரும்புக் குழாய். ரோட்டுல பைக்ல வர்றவர் மேலயோ கரண்ட் கம்பி மேலயோ போய் விழும். காரைக் காப்பாத்தப் போய் அடுத்த வீட்டுக்காரர் தலையில தையல் போடுற வேலையை எனக்கு வைக்காதீங்க.

ஆனா நான் இதை எழுத உட்கார்ந்தது காத்துக்காக இல்ல. குழந்தைகளுக்காக.

2022 ஜூன் மாசம், நம்ம பக்கத்துல திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று சின்னக் குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். 2025 மே மாசம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டம் துவாரபூடி கிராமத்தில் அதே மாதிரி நான்கு குழந்தைகள். ரெண்டுமே லீவு விட்ட வெயில் காலம்.

மூச்சுத் திணறல்னு செய்தியில வரும். மூடின காருக்குள்ள ஆக்சிஜன் தீர்றதுக்குப் பல மணி நேரம் ஆகும். வெயில் நாள்ல அதுக்கு முன்னாடியே சூடு வேலையைக் காட்டிடும். வெளியே 35 டிகிரி இருந்தா, வெயில்ல நிக்கிற காருக்குள்ள அரை மணி நேரத்துக்குள்ள 50ஐத் தொடலாம். ஏறுற சூட்டுல பெரும்பங்கு அந்த முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிடுது. கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி வச்சாலும் பெரிய வித்தியாசம் இல்ல. குழந்தை உடம்பு பெரியவங்க உடம்பை விட மூணு முதல் அஞ்சு மடங்கு வேகமாச் சூடாகும்.

"அதனாலதான் சார் நிழல்ல விடுறோம்"னு சொல்வீங்க. அமெரிக்காவுல அரிசோனா மாகாணப் பல்கலைக்கழகமும் சான் டியாகோ கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 2018ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. கடும் வெயில் நாள்கள்ல, வெயில்ல நின்ன கார் ஒரு மணி நேரத்துல சராசரியா 46 டிகிரிக்கு மேல போச்சு. நிழல்ல நின்ன கார் 38 டிகிரி. ரெண்டு வயசுக் குழந்தை உள்ள இருந்தா ஆபத்தான நிலைக்குப் போக வெயில்ல சுமார் ஒரு மணி நேரம், நிழல்ல ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மின்னு கணக்குப் போட்டாங்க. நிழல் தர்றது கூடுதல் நேரம். பாதுகாப்பு இல்ல.

மூடின கூடாரம் அந்தக் கூடுதல் நேரத்தையும் பறிச்சிடுது. திறந்த இடத்துல நிக்கிற கார்க் கண்ணாடியில குழந்தை தட்டினா, தெருவுல பூ விக்கிற அக்காவாவது பார்ப்பாங்க. ஜிப் போட்ட ஷீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? ஆடிக் காத்துல ஷீட் படபடக்கிற சத்தத்துல அழுகையும் கேட்காது. போதாக்குறைக்கு, குழந்தைங்களுக்குக் கூடாரம்னா அது விளையாட்டு வீடு. ஒளிஞ்சு விளையாட அதைவிட நல்ல இடம் தெருவுல கிடையாது.

அதனால டெண்ட் இருந்தாலும் இல்லாட்டாலும், வீட்டு வாசல்லதானேன்னு காரைத் திறந்து போடாதீங்க. டிக்கியும் பூட்டியிருக்கணும். சாவி குழந்தை கைக்கு எட்டாத ஆணியில தொங்கணும். குழந்தையைக் காணோம்னா நம்ம ஊர்ல முதல்ல கிணத்தை, குளத்தைப் பார்க்க ஓடுவோம். சரிதான், ஓடுங்க. அதே நேரம் இன்னொருத்தர் தெருவுல நிக்கிற ஒவ்வொரு காரையும், டிக்கியையும் சேர்த்துப் பார்க்கணும்.

உள்ளே குழந்தை இருந்து கதவு திறக்கலையா? சாவி தேடி நிக்காதீங்க. குழந்தைக்குத் தூரமா இருக்கிற பக்கக் கண்ணாடியோட மூலையில ஸ்பேனராலயோ கல்லாலயோ ஓங்கி அடிங்க. முன் கண்ணாடி சுலபமா உடையாது, அதுல நேரத்தை வீணாக்காதீங்க. வெளியே எடுத்ததும் சட்டையைக் கழட்டி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க, 108க்கு போன் போடுங்க. மயக்கமா இருக்கிற குழந்தை வாயில தண்ணி ஊத்தக் கூடாது, புரையேறும். பாராசிட்டமால் கொடுக்காதீங்க, இந்தச் சூட்டுக்கு அது வேலை செய்யாது.

இன்னொரு விஷயம், மூடின கூடாரத்துக்குள்ள இன்ஜினை ஓட விட்டு ஏ.சி. போட்டுத் தூங்குறது. புகைக்குப் போக வழி இல்ல. 2024 டிசம்பர்ல கேரளா வடகரையில கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்களே, ஜெனரேட்டர்ல இருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். நிறம் கிடையாது, வாசனை கிடையாது.

மழைக்காலத்துல கூடாரத்து மேல ஷீட் தொய்ஞ்சு தண்ணி தேங்கும். டெங்கு கொசுவுக்கு அந்த நல்ல தண்ணி போதும், ஒரு வாரம் பத்து நாள்ல முட்டை கொசுவாகிடும். வாரம் ஒரு தடவை கம்பை விட்டு மேல தள்ளிக் கொட்டிடுங்க. வீட்டுக்கு வர்ற கொசு ஒழிப்புப் பணியாளர்கிட்ட "எங்க வீட்ல ஒண்ணுமில்ல"ன்னு சொல்லி அனுப்புறதுக்கு முன்னாடி நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துக்கோங்க.

சரி, என்னதான் போடுறது? வசதி இருந்தா நாலு இரும்புத் தூணை கான்கிரீட்ல ஊன்றி, மேல தகரம், நாலு பக்கமும் திறப்பு. தகரத்தை போல்ட் போட்டு நல்லா முறுக்கணும், காத்து கீழே இருந்தும் தூக்கும். வசதி இல்லாட்டா நர்சரியில கட்டுற பச்சை வலை. காத்து ஊடால போயிடும், வெயிலும் பாதியா குறையும். இடமிருந்தா ஒரு வேம்போ புங்கையோ வைங்க, பறவை எச்சத்தைத் துடைச்சுக்கலாம். தென்னைக்கு அடியில மட்டும் நிறுத்தாதீங்க, அதுக்கு எந்த டெண்டும் தாங்காது.

எதைப் போட்டாலும் உங்க வாசலுக்கு உள்ளே போடுங்க. தெருவை அடைச்சுக் கூடாரம் நட்டு, ஸ்ட்ரெச்சரை நாலு வீடு தள்ளியிருந்து தூக்கிட்டு வந்தோம்னு சொல்லி ஓட்டமும் நடையுமா நோயாளியைக் கொண்டு வர்றவங்களை நான் பார்க்கிறேன். 108 வண்டி உங்க தெருவுக்குள்ள வந்து திரும்ப இடம் இருக்கான்னு இன்னைக்குச் சாயங்காலமே ஒரு நடை நடந்து பார்த்துடுங்க.